சோத்தாங்கைக் கத்தி

சீனப் பெருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஜொகூர் மாநிலத்தின் ரெங்கம் ஊரிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகும் வழியில் அன்னாசிக் கடைகள் பழங்களைக் கொண்டையோடு அடுக்கி, சிவப்புத் துணி கட்டி நின்றன. கேப்ரியலின் கடை மட்டும் நீலத் தார்ப்பாய்க்குள் மூடிக் கிடந்தது. தார்ப்பாயில் தேங்கும் மழைத் தண்ணீரை அவர் மனைவி வினிஃப்ரெட் தினமும் காலையில் விளக்குமாற்றுக் கட்டையால் குத்தி வடியவிட்டார். கார்கள் வந்து நின்று, "ஓங்லாய் இல்லையா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டுப் போயின. சீனர்கள் அன்னாசியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெருநாளுக்கு அது வீட்டுக்கு வந்தால் நல்லதும் கூடவே வரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

கடையை நடத்துவது மகள் மிஷேல். ஆறு வருஷத்துக்கு முன் கேப்ரியலுக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை ஆனபோது, யாரும் சொல்லாமலே கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றவள். மணிக்கு முப்பது பழம் தோல் சீவுவாள். போன வாரம் வெள்ளிக்கிழமை, புதுக் கத்தி பழத்திலிருந்து எகிறி அவளுடைய வலது கட்டைவிரலுக்குக் கீழே இறங்கிவிட்டது. குளுவாங் ஆஸ்பத்திரியில் நரம்பைச் சேர்த்துத் தைத்து, முழங்கை வரை கட்டுப் போட்டார்கள். விரல் மடங்குமா என்பது ஆறு வாரம் கழித்துத்தான் தெரியும் என்றார் டாக்டர்.

சனிக்கிழமை காலை கூலாயிலிருந்து மூத்தவன் கென்னத் வந்து சேர்ந்தபோது, மிஷேல் இடது கையில் கரண்டியைப் பிடித்துத் தோசையைத் துண்டு பண்ணிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த கேப்ரியல் அவள் கையைப் பார்க்காமல் சன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வினிஃப்ரெட் நெத்திலிச் சம்பல் கிளறிக்கொண்டிருந்தார். கோபம் நிறைந்த வீட்டிலும் யாராவது ஒருவர் அடுப்பைப் பற்றவைக்கத்தான் வேண்டியிருக்கிறது. அதுவும் ஆண்டவர் காட்டும் ஓர் இரக்கம்தான்.

"கெளம்புங்க," என்றான் கென்னத், செருப்பைக் கழற்றாமலே. "அந்தக் கத்தி எங்க?"

"மொதல்ல ஒக்காரு. வெறும் வயித்துல கோவப்படாதே, ஒனக்கு ஏற்கெனவே அல்சர்," என்றார் வினிஃப்ரெட்.

"அம்மா, வெளையாடாதீங்க லா. நான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். அந்த ஆளு வாசல்ல போயி நிக்கப் போறேன். வீடியோ எடுப்பேன். கத்தி செய்யுறேன், கையால செய்யுறேன்னு ஃபேஸ்புக்ல அவ்ளோ பந்தா. கையாலதான் செஞ்சாரு, கையை வெட்டுறதுக்குச் செஞ்சாரு. இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஜொகூர் முழுக்கத் தெரியணும்."

"விடுடா," என்றார் கேப்ரியல். "கத்தின்னா வெட்டத்தான் செய்யும். அந்த மனுசன் வேணும்னா செஞ்சாரு?"

"நீங்க என்னப்பா அவருக்கு லோயரா? ஒரு வாரமா ஃபோன்ல கேக்குறேன், அவரைப் பத்திப் பேசுனாலே நீங்க வெச்சுடுறீங்க. நான்தான் அந்த ஆளைத் தேடிப் பிடிச்சேன். நான்தான் உங்களை அங்க அனுப்புனேன். எனக்கு எப்படி இருக்கும்?"

மிஷேல் கரண்டியை வைத்தாள். "நானும் வரேன்."

"நீ எதுக்கு? ரெஸ்ட் எடு."

"வெட்டுப்பட்டது என் கை. நான் இல்லாம நீங்க ரெண்டு பேரும் அங்க போயி என்ன பேசப் போறீங்க? எனக்குச் சண்டை வேணாம் அண்ணே. அது ஏன் எகிறுச்சுன்னு தெரியணும். ஆறு வருஷம் வெட்டியிருக்கேன், ஒரு கீறல் கிடையாது. இந்தக் கத்தி வந்த மூணு வாரத்துல என் கை எனக்கே அடங்கல. தப்பு கத்தியா, என் கையான்னு தெரிஞ்சுக்கிட்டு வந்துடுறேன். என் கைன்னா கடையை விட்டுடுறேன். செனாய் ஃபேக்டரியில ஆள் எடுக்குறாங்க, அங்க கத்தி புடிக்க வேணாம்."

"பீச்சாங்கை ராணிக்கு ஃபேக்டரி வேலையா," என்று கென்னத் சிரிக்கவைக்கப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து அவன் அவளுக்கு வைத்த பெயர் அது. அவள் சிரிக்கவில்லை.

வினிஃப்ரெட் அடுப்பை அணைத்துவிட்டுக் கணவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். கேப்ரியல் தட்டில் இருந்த தோசையை மூடிவைத்துவிட்டு எழுந்தார்.

தப்பு எதில் என்று கேப்ரியலுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

நவம்பர் மாதம் அவர் பெர்மாஸ் ஜெயாவுக்குப் போயிருந்தார். பழைய கத்தி தீட்டித் தீட்டிச் சுண்டுவிரல் அகலத்துக்குத் தேய்ந்துபோயிருந்தது. கத்தி செய்பவர் யோகேந்திரன், அரசாங்கத் தொழில்நுட்பப் பள்ளியில் கடைசல் இயந்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருந்தும் பேச்சில் 'ஆமா'வுக்கு 'ஓம்' என்பது போகவில்லை. வீட்டுப் பின்புறம் கார் நிறுத்தும் இடத்தில் பட்டறை போட்டிருந்தார்.

அவர் கேப்ரியலை உட்காரவைத்து, ஐந்து கத்திகளை ஒரு துணியில் வரிசையாக வைத்தார். எது வேண்டும் என்று கேட்கவில்லை. என்ன வேலை என்று கேட்டார். பழத்தைப் படுக்கவைத்து வெட்டுவதா, நிற்கவைத்தா? கை ஈரமாக இருக்குமா? நாளைக்கு எத்தனை பழம்? முப்பது வருஷமாக அன்னாசி வெட்டிய கேப்ரியலிடம் யாரும் அவர் வேலையைப் பற்றி இப்படிக் கேட்டதில்லை. அவர் எழுந்து நின்று, இல்லாத பழத்தைக் கையில் பிடித்து, தோலடியில் இருக்கும் முள் கண்களைச் சாய்ந்த வரியாகச் செதுக்கி எடுப்பதைச் செய்துகாட்டினார்.

"முதுகு தடிப்பான கத்தி எலும்புக்கு," என்றார் யோகேந்திரன். "பழத்துக்கு அது ஆப்பு மாதிரி. வெட்டாது, பிளக்கும். உங்களுக்கு ரெண்டு மில்லி போதும், நுனிக்குப் போகப் போக அதுவும் மெலியோணும். அன்னாசியில புளிப்பு. சாதா இரும்பு ஒரு மணி நேரத்தில கறுத்துப்போகும், பழத்திலயும் இரும்பு வாசம் ஏறும். ஸ்டெயின்லெஸ்ல செய்யிறன். பிடிக்குள்ள இரும்பு கடைசி வரைக்கும் ஓடோணும், பாதியில நிண்டா ஒரு நாளைக்கு முறியும்."

கேப்ரியல் தலையாட்டினார்.

"கூர் எப்படி வைக்கிறது எண்டதுதான் முக்கியம். ரெண்டு பக்கமும் சரிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் சரிச்சால் அன்னாசிக்கு இன்னும் நல்லது. தோலை மெல்லிசா எடுக்கலாம், சதை வீணாகாது. ஆனா அந்தக் கத்திக்கு ஒரு குணம். தட்டையான பக்கமாத்தான் அது ஓடும். வலது கையில பிடிச்சால் தட்டைப் பக்கம் பழத்தோட ஒட்டியிருக்கும், கத்தி பழத்துக்குள்ள போகும். அதையே இடது கையில பிடிச்சால் சரிவு பழத்தில முட்டும், கத்தி வெளியில எகிறும். அழுத்தினா இன்னும் எகிறும். அதனாலதான் கேக்கிறன். வெட்டுறது ஆர்? எந்தக் கை?"

"என் மக," என்றார் கேப்ரியல். "சோத்தாங்கைதான்."

யோகேந்திரன் எழுதப் போனவர் நிமிர்ந்து, "நிச்சயமா வலது கைதானே?" என்று மறுபடி கேட்டார்.

"ஆமா சார். வேற எந்தக் கையால வெட்டுவாங்க?"

மிஷேலுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, கோயிலில் அவள் இடது கையால் சிலுவை போட்டுக்கொண்டதை நாலு பேர் பார்த்தார்கள். அன்று முதல் ஒரு வருஷம் அவள் இடது கையைத் தன் கைக்குட்டையால் அவளுடைய பாவாடை வாரோடு கட்டிவைத்தார் கேப்ரியல். சாப்பிட, எழுத, கும்பிட எல்லாம் வலது கை பழகியது. கத்தியை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் அது அவளுக்கு இயல்பான கைக்குப் போய்விட்டது. கடையில் அவள் இடது கையால் வெட்டுவதைப் பார்த்து ஒரு அம்மாள் வாங்கிய பழத்தைத் திரும்ப வைத்துவிட்டுப் போனாள். மறுநாளே கேப்ரியல் வெட்டும் மேசையைக் கடையின் பின்பக்கம் திருப்பிப் போட்டார். ஆறு வருஷமாக மிஷேல் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வெட்டினாள்.

படித்த மனிதர் முன்னால், மகளுக்கு இடது கைப் பழக்கம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அது மட்டுமில்லை. இப்படிப்பட்ட கத்தி வந்தால் இடது கையால் வெட்ட முடியாது, வேறு வழியில்லாமல் அவள் வலது கைக்கு வந்துவிடுவாள் என்று, நல்லது செய்கிற தகப்பனாகவே தன்னை நினைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் முடிந்து கத்தி வந்தது. "அப்பா, இது எகிறுது," என்று மிஷேல் முதல் நாளே சொன்னாள். "புதுசு அப்படித்தான். சோத்தாங்கையில புடிச்சுப் பாரு," என்றார். அவளும் பார்த்தாள். ஆள் இல்லாத நேரத்தில் மெதுவாக வலது கையால் வெட்டினாள். கூட்டம் சேர்ந்ததும் கத்தி இடது கைக்குப் போனது.

கை வெட்டுப்பட்ட பிறகு வந்த புதன்கிழமை கேப்ரியல் கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஒரு ஜெபமாலை சொல்லும்படியும், மகளிடம் உண்மையைச் சொல்லும்படியும் ஃபாதர் கேட்டுக்கொண்டார். கேப்ரியல் ஜெபமாலையை மூன்று தரம் சொல்லிவிட்டார். மற்றதைச் சொல்லவில்லை.

கென்னத்தின் மைவி கார் கூலாயைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் தண்ணீரை வாரி அடித்தன. பின்சீட்டில் மிஷேல் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் தூக்கிவைத்திருந்தாள். முன்சீட்டில் கேப்ரியலின் காலடியில், தினசரித் தாளில் சுற்றிய கத்தி கிடந்தது.

"மழை இப்படிப் பெய்யுது. இன்னொரு நாள் போலாமே," என்றார் கேப்ரியல்.

"இன்னொரு நாள் போனா தையல் பிரிச்சிருப்பாங்க. கட்டோட பாக்கணும் அந்த ஆளு."

"வயசான மனுசன்டா. மரியாதையா பேசணும்."

"மரியாதையாத்தான் பேசுவேன். அங்கிள்னு சொல்லித்தான் திட்டுவேன்."

பின்னாலிருந்து மிஷேல் கேட்டாள்: "அப்பா, நீங்க கத்தி செய்யச் சொல்லப் போனப்ப என்னா பேசுனீங்க?"

கேப்ரியல் சன்னல் கண்ணாடியைத் துடைத்தார். "என்னா பேசுவாங்க? பழம் வெட்டணும்னு சொன்னேன்."

"வேற ஒண்ணும் கேக்கலயா அவரு?"

"மறந்துபோச்சு மா."

கென்னத் வண்டியை வேகப்படுத்தினான். "கேக்கமாட்டாரு. கேட்டிருந்தா இப்படி நடக்குமா? வாங்குறவங்ககிட்ட என்னா ஏதுன்னு கேக்காம ஒரு சாமானை வித்தா அதுக்குப் பேரு என்னா தெரியுமா?" அவன் அதற்குச் சொன்ன பேரைக் கேட்டுக் கேப்ரியல் கண்ணை மூடிக்கொண்டார்.

பட்டறையின் தகரக் கூரையில் மழை இரைந்தது. யோகேந்திரன் கார்ச் சத்தம் கேட்டுக் குடையோடு வெளியே வந்தார். கேப்ரியலை அடையாளம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ, வாங்கோ. நனையாம உள்ள வாங்கோ. கத்தி எப்படி வேலை செய்யுது?"

"நல்லா வேலை செய்யுது அங்கிள்," என்றான் கென்னத். கத்தியைத் தாளிலிருந்து பிரித்து மேசையில் வைத்தான். மறு கையில் கைப்பேசி தூக்கியபடி இருந்தது. "இதை நீங்கதானே செஞ்சீங்க? சொல்லுங்க, ரெக்கார்ட் ஆகுது. இந்தக் கத்தி என் தங்கச்சி கையை என்னா பண்ணியிருக்குன்னு பாருங்க. வருஷத்துல ரெண்டு வாரம்தான் எங்களுக்கு வியாபாரம். கடை மூடிக் கெடக்குது. வெரல் மடங்குமான்னு டாக்டருக்கே தெரியல. நீங்க இங்க ஒக்காந்து கத்தி கத்தியா ஃபோட்டோ புடிச்சுப் போடுறீங்க."

யோகேந்திரனின் முகம் மாறியது. கைப்பேசியை அவர் பார்க்கவே இல்லை. நேரே மிஷேலிடம் வந்தார்.

"எந்த விரல் பிள்ளை? நரம்பா? நுனியில உணர்ச்சி இருக்கா?"

"இருக்கு சார். கொஞ்சம் மரத்துப்போன மாதிரி."

"இருக்கட்டும், உணர்ச்சி இருந்தா நல்லது." அவர் கட்டைத் தொடாமல், அது எந்தக் கோணத்தில் போகிறது என்று குனிந்து பார்த்தார். "காயம் வலது கையில. அப்ப கத்தி..." என்றவர் நிறுத்தினார்.

"எடது கையில சார். நான் எடது கையாலதான் வெட்டுவேன்."

யோகேந்திரன் நிமிர்ந்து கேப்ரியலைப் பார்த்தார். கேப்ரியல் ஒரு முக்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோகேந்திரனின் காது மடல் சிவந்தது. தான் செய்த வேலையின் மேல் இப்படியொரு கறை விழுந்தால் எவருக்கும் வரும் கோபம் அவருக்கும் வந்தது. வாயைத் திறந்தார். அப்போது, மழையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேப்ரியல் தன் முட்டியை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பது அவர் கண்ணில் பட்டது. பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் நின்றார்கள்.

யோகேந்திரன் மேசையில் இருந்த துணியை எடுத்து, துடைக்கத் தேவையில்லாத கையைத் துடைத்துக்கொண்டார்.

"தவறு என்னுடையதுதான்," என்றார். "இது வலது கைக்காரருக்குச் சரிச்ச கூர். இடது கையில பிடிச்சால் எகிறும். செய்யிறவன் கையைக் கேட்டுத்தான் செய்யோணும். நான் கேக்காம விட்டுட்டன்."

"பாத்தீங்களா," என்றான் கென்னத். "பாத்தீங்களாப்பா? ஒத்துக்கிட்டாரு. அங்கிள், இன்னொரு தரம் சொல்லுங்க. மழைச் சத்தத்துல சரியா விழல. பேரையும் சொல்லிட்டுச் சொல்லுங்க."

"என்ர பேர் யோகேந்திரன்," என்று அவர் நிதானமாகத் தொடங்கினார். "பெர்மாஸ் ஜெயாவில..."

"சொல்லாதீங்க சார்," என்றார் கேப்ரியல்.

"நீங்க சும்மா இருங்கப்பா."

"அவர் கேட்டாருடா." கேப்ரியலின் குரல் மழையில் பாதி அமுங்கியது. கொஞ்சம் சத்தமாக மறுபடி சொன்னார்: "கேட்டாரு. எந்தக் கைன்னு ரெண்டு தரம் கேட்டாரு. நான்தான் சோத்தாங்கைன்னு சொன்னேன்."

கென்னத் கைப்பேசியை இறக்கவில்லை. அதை இறக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே நேரம் பிடித்தது.

மிஷேல் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். "எடது கையில புடிச்சா எகிறும்னு சொன்னாரா ஒங்ககிட்ட?"

"சொன்னாரு."

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"வெட்டும்னு நெனைக்கலமா. புதுக் கத்தி வந்தா நீ... சோத்தாங்கைக்கு மாறிடுவேன்னு நெனச்சேன். ஒனக்கு நல்லதுன்னுதான்."

"மூணு வாரம்," என்றாள் மிஷேல். கத்தவில்லை. கத்தியிருந்தால் கேப்ரியலுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மூணு வாரம் நான் என் கையைத் திட்டுனேன்பா. ஒங்ககிட்டயே வந்து, எகிறுது எகிறுதுன்னு சொன்னேன். ராத்திரி படுத்துக்கிட்டு, எனக்கு நரம்பு வியாதி ஏதாச்சும் இருக்கான்னு ஃபோன்ல தேடிப் பாத்தேன். ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு எப்படி ஆச்சுன்னு. நான் கவனமில்லாம இருந்துட்டேன் டாக்டர்னு சொன்னேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. தலையாட்டுனீங்க."

கேப்ரியலின் பார்வை அவள் கைக் கட்டுக்கு இறங்கியது.

"நீங்க கைக்குட்டையில கட்டுனது எனக்கு ஞாபகம் இருக்கு. அப்ப நான் சின்னப் புள்ள, ஒங்களுக்கும் தெரியலன்னு விட்டுட்டேன். இப்ப எனக்கு இருபத்தொம்பது. நான் சம்பாரிக்கிறதுல வீடு ஓடுது. இன்னும் அந்தக் கைக்குட்டையை மடிச்சு பாக்கெட்டுலயே வெச்சிருக்கீங்களா? நீங்க கட்டாயப்படுத்திப் பழக்குன கைதான் இன்னிக்குக் கட்டுப் போட்டுக் கெடக்குது. இது ஒரு தப்பும் செய்யல." இடது கையை அவர் முகத்துக்கு நேரே உயர்த்தினாள். கேப்ரியல் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்.

"மிஷேல், விடு..." என்று கென்னத் நடுவில் வந்தான்.

"நீங்க பேசாதீங்க அண்ணே. பீச்சாங்கை ராணின்னு பேரு வெச்சது யாரு? அதை மொதல்ல டிலீட் பண்ணுங்க." அவள் காட்டியது கைப்பேசியை. அவன் குனிந்து அழித்தான். அழித்துவிட்டேன் என்று அவளிடம் திருப்பிக் காட்டினான்.

யோகேந்திரன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இருங்கோ பிள்ளை. காயத்தோட நிக்கக் கூடாது."

"ஒங்க மேலயும் எனக்குக் கோவம்தான் சார்," என்றாள் அவள். "நீங்க ஏன் பொய் சொன்னீங்க? எங்க அப்பா மானம் போகக் கூடாதுன்னா? அப்ப நான்? ஒங்க தப்புன்னு நம்பிக்கிட்டு நான் வீட்டுக்குப் போயிருப்பேன். இன்னொரு கத்தி வாங்குனாலும் மறுபடி இவரே வந்து சோத்தாங்கைன்னு சொல்லியிருப்பாரு. ரெண்டு பெரியவங்க சேந்துக்கிட்டு எனக்கு என்னா தெரியணும்னு முடிவு பண்றீங்க."

யோகேந்திரன் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "சரிதான்," என்றார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

வாளியில் கூரைத் தண்ணீர் சொட்டியது. கென்னத் கதவோரம் போய் நின்றுகொண்டான். அவனுடைய கோபத்துக்கு இப்போது போக இடமில்லை, அவனிடமே இருந்தது.

யோகேந்திரன் மேசையிலிருந்த அந்தப் புதுக் கத்தியை எடுத்து ஒரு மரப்பெட்டிக்குள் போட்டு மூடினார். பிறகு நாலு கத்திகளைக் கொண்டுவந்து, பிடியெல்லாம் மிஷேலின் இடது பக்கம் பார்க்கும்படி வைத்தார்.

"நான் இனிமே கத்தி தொடுறதா இல்ல சார்."

"தொட வேண்டாம். பாருங்கோ."

அவள் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஆனால் ஆறு வருஷம் ஒரு வேலையைச் செய்தவளால் அதன் சாமான்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடைக்கண்ணால் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டி முதல் கத்தியை எடுத்தாள்.

"பிடி தடிமன். என் கை சின்னது. ஈரத்துல சுத்திக்கும்."

யோகேந்திரன் தலையாட்டி அதை எடுத்துவிட்டார். இரண்டாவது கத்தியை அவள் பலகையில் வைத்து அழுத்தினாள். விரல் முட்டிகள் பலகையில் இடித்தன. "அகலம் பத்தல. ஒரு நாளைக்கு முந்நூறு தரம் இடிச்சா தோல் உரிஞ்சுடும்." மூன்றாவது நீளமாக, நுனி மேல்நோக்கி வளைந்து அழகாக இருந்தது. அதை அவள் எடுத்த வேகத்தில் வைத்தாள். "இது காட்டுல போறவங்களுக்கு. அன்னாசிக் கண்ணுக்கு நுனி கீழ எறங்கணும்."

நான்காவதை எடுத்தவள் உடனே கீழே வைக்கவில்லை. அலகு ஒரு சாண் கூட இல்லை. முதுகு மெலிசு. மெர்பாவ் மரப் பிடி நடுவில் கொஞ்சம் புடைத்து, உள்ளங்கைக் குழியில் போய் உட்கார்ந்தது. ஆள்காட்டி விரல் முன்னால் வழுக்காமல் நிற்க, அலகு தொடங்கும் இடத்தில் ஒரு சிறு பள்ளம் இருந்தது. கூர் விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே அளவு சரிவு.

"இது எந்தக் கைக்கு?"

"எந்தக் கைக்கும்," என்றார் யோகேந்திரன். "சதை கொஞ்சம் கூடுதலாத் தோலோட போகும். ஆனா எந்தப் பக்கமும் இழுக்காது. நீங்கள் கொண்டுபோற இடத்துக்குத்தான் போகும். இதை வெச்சுக்கொண்டு கை ஆறட்டும். பிறகு உங்களுக்கெண்டே, இடது கைச் சரிவில ஒண்டு செய்யிறன். அளவு உங்களிட்ட மட்டும்தான் கேப்பன்."

அவர் சமையலறைக்குப் போய், பெருநாளுக்குப் பக்கத்து வீட்டுச் சீனர் கொடுத்ததாகச் சொல்லி ஒரு மோரிஸ் வகை அன்னாசியைக் கொண்டுவந்து பலகையில் வைத்தார். "வெட்டிப் பாக்காம கத்தி எடுக்கக் கூடாது."

மிஷேல் எழுந்தாள். பழத்தின் தோலை யோகேந்திரனே சீவிக் கொடுத்தார். கண்கள் பழுப்பு வரிசைகளாகத் தெரிந்தன. அதைத்தான் செதுக்க வேண்டும். செதுக்கப் பழத்தைப் பிடித்துக்கொள்ளும் கை கட்டுக்குள் இருந்தது. கென்னத் ஓடிவந்து கை நீட்டினான்.

"நீங்க இல்ல," என்றாள். பிறகு திரும்பாமலே, "அப்பா, வந்து புடிங்க," என்றாள்.

கேப்ரியல் முட்டியை ஊன்றி எழுந்து வந்தார். இரண்டு கையாலும் பழத்தைப் பிடித்தார். எங்கே விரலை வைப்பது என்று தெரியாதவர் போல முன்னும் பின்னும் நகர்த்தினார். முப்பது வருஷம் அவர் பிடித்த பழம்தான்.

"கையை எடுக்கக் கூடாது," என்றாள்.

"எடுக்கலமா."

மிஷேல் இடது கையால் கத்தியைச் சாய்த்து வைத்தாள். அவளுக்கு இன்னும் மூச்சு கோபமாகத்தான் போய்வந்தது. கத்தி கேப்ரியலின் கட்டைவிரலிலிருந்து ஓர் அங்குலத்தில் தொடங்கியது. அவர் தோள்கள் இறுகின. கண்ணை மூடப் போனார். மூடவில்லை. மகளின் இடது கை வேலை செய்வதை இவ்வளவு பக்கத்தில் அவர் இதுவரை பார்த்ததில்லை. வெட்டும் மேசையைத் திருப்பிப் போட்ட நாளிலிருந்து அவருக்குத் தெரிந்தது அவள் முதுகுதான்.

கத்தி எகிறவில்லை. மேலிருந்து சாய்ந்த கோடாக இறங்கி, அடிவரை போய், திரும்பி வந்தது. பழுப்புக் கண்கள் வரிசையாக ஒட்டியிருந்த நீளத் துண்டு ஒன்று கழன்று கேப்ரியலின் மணிக்கட்டில் விழுந்தது. சாறு முழங்கை வரை வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

"மிஷேல்," என்றார். "நான் பண்ணது..."

"இப்ப பேசாதீங்கப்பா. கையில கத்தி இருக்கு." அவள் அடுத்த வரிசையின் மேல் கத்தியைக் கொண்டுவந்தாள். "திருப்புங்க."

அவர் பழத்தைத் திருப்பினார்.